எண் சொல்லாத கலாஸ்

3 ஜூன் 2018
எரிவாயுக் களம், தங்குமிடம் 14

பர்கஷ்,

உன் போனில் என் எண்ணை அடைத்துவைத்து நான்கு மாதம் ஆகிறது. அதனால்தான் காகிதம். சலாலாவில் எந்தப் பள்ளிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாய் என்று கண்டுபிடிக்க மூன்று அலுவலகங்களுக்குப் பேசினேன். மூன்றாவது ஆள், இப்ராவிலிருந்து வந்த பௌதிக வாத்தியார்தானே என்று கேட்டுவிட்டு தபால் பெட்டி எண்ணையும் கொடுத்துவிட்டார். தபாலை நீ அடைக்க முடியாது.

நோன்பு மாதத்தில் சண்டை கூடாது. இது சண்டை இல்லை, ஒரு கேள்வி. அதற்கு முன் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எங்காவது தவறு இருந்தால் அந்த இடத்தில் கோடு போட்டுத் திருப்பி அனுப்பு.

ஜனவரி 27, சனிக்கிழமை, பிதியா மணல். நம் மணல் பயணக் குழுவில் ஆறு வண்டிகள். நீ மூன்றாவது, நான் நான்காவது. ஐந்தாவதன் டயர் விளிம்பிலிருந்து கழன்றதால் அதுவும் ஆறாவதும் இரண்டு மேடு பின்னால் நின்றுவிட்டன. முதல் வண்டியில் இருந்த பயணத் தலைவரும் இரண்டாவது வண்டியும் முன்னால் போய்விட்டார்கள். ஆக அந்த இடத்தில் நாம் மட்டும்தான். உன் பக்கத்து இருக்கையில் உன் மனைவி ஜுவைனாவின் அண்ணன் கல்ஃபான்.

நீ பெரிய முகட்டில் ஏறி மறுபக்கம் இறங்கி மறைந்தாய். நான் கீழே நின்றேன். விதி எனக்குத் தெரியும். முகட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஏறுகிறவனுக்குத் தெரியாது. முன்னால் போனவன் இறங்கி, விலகி, வழிவிட்டு, பின்னால் வருகிறவனின் எண்ணைச் சொல்லி வாக்கி டாக்கியில் ‘கலாஸ்’ சொல்ல வேண்டும். ‘நான்கு, கலாஸ்.’ முடிந்தது, போதும் என்பதற்கு நாம் சொல்லும் வார்த்தைதான்; இங்கே, நான் இறங்கி முடித்துவிட்டேன், நான்காவது வண்டி வரலாம் என்று பொருள். அதற்குப் பிறகுதான் ஏறலாம்.

நான்கு நிமிடம் நின்றேன். ‘கலாஸ்’ என்று கேட்டது. உன் குரல். ஏறினேன்.

மறுபக்கம் உன் வண்டி சக்கரம் புதைந்து நின்றது. அதன் பின்னால் குனிந்து மணல் அள்ளிக்கொண்டிருந்தான் கல்ஃபான். நான் ஸ்டியரிங்கை ஒடித்தேன். என் வண்டி பக்கவாட்டில் சரிந்துபோய் அவனை உன் வண்டியோடு சேர்த்து நெரித்தது. இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. இரண்டு அறுவை சிகிச்சை முடிந்தும் இன்றுவரை அவன் நடக்கவில்லை.

பிப்ரவரியில் குழு கூடி விசாரித்தது. நீ எழுந்து நின்று சொன்னதை எல்லாரும் கேட்டார்கள். "எண் சொல்லாம நான் என் வாழ்நாள்ல கலாஸ் சொன்னதில்ல. அன்னைக்கு எதையுமே சொல்லல." முன்னால் போனவர்களும் இரண்டு மேடு பின்னால் நின்ற ஐந்தாவது, ஆறாவது வண்டிக்காரர்களும் தங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றார்கள். குழுவோடு வண்டி ஓட்ட எனக்கு ஓராண்டுத் தடை. அதைப் பற்றி நான் பேச வரவில்லை.

என் வேலை உனக்குத் தெரியும். அழுத்தமானிகளைச் சரிபார்க்கிறேன். ஒன்று தவறாகக் காட்டுகிறது என்று சந்தேகம் வந்தால் கழற்றி மேசையில் வைத்து, சரியான இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். என் காதை எதோடு ஒப்பிடுவது? அங்கே இருந்த இன்னொரு ஆள் நீ மட்டும்தான்.

கேள்வி இதுதான். நீ அந்த வார்த்தையைச் சொன்னாயா, இல்லையா? ஒரு மனிதன் நடக்க முடியாமல் கிடப்பது என் அவசரத்தால்தானா என்று எனக்குத் தெரிய வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

முஹன்னா


24 ஜூன் 2018
சலாலா

அன்புள்ள முஹன்னா,

அஸ்ஸலாமு அலைக்கும். தாமதமான பெருநாள் வாழ்த்துகள். உன் கடிதம் பள்ளி விடுமுறையில் பெட்டியிலேயே கிடந்து, நேற்றுத்தான் கைக்கு வந்தது. காகிதத்தில் எழுதியது நல்லதாகப் போயிற்று. வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் யாராவது படம் பிடித்துக் குழு முழுக்க அனுப்பியிருப்பார்கள்.

இங்கே தூறல் தொடங்கிவிட்டது. மலை பச்சையாகிறது. ஜுவைனாவுக்கு இந்த ஈரம் பிடிக்கவில்லை, துணி காய்வதில்லை என்கிறாள். உங்கள் பக்கம் நாற்பத்தெட்டு என்று செய்தியில் பார்த்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கேள்விக்கு என் பதில் பிப்ரவரியில் சொன்னதுதான். புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. உன்னைக் குறை சொல்லவில்லை. நீ பொய் சொல்கிறாய் என்றும் சொல்லவில்லை. ஆனால் நினைவு வேறு, அழுத்தமானி வேறு. நான்கு நிமிடம் என்ஜினை ஓடவிட்டு, கால் துடிக்க, ஒரே ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறவனுக்கு அந்த வார்த்தை கேட்டுவிடும். என் மாணவர்களே மணி அடிப்பதற்கு முன் மணி அடித்தது என்று சத்தியம் செய்வார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. உன்னைக் குழுவில் சேர்க்கும்போது இரண்டு பேர் என்னிடம், அவன் பொறுமை இல்லாத ஆள், மணலுக்கு ஆகமாட்டான் என்றார்கள். நான் பொறுப்பு ஏற்றுக் கையெழுத்துப் போட்டேன். பயணத் தலைவர் பட்டியலில் என் பெயர் அடுத்ததாக இருந்தது. இப்போது இல்லை. இதையெல்லாம் நான் எங்கும் சொல்லிக் காட்டியதில்லை.

கடைசியாக ஒரு விண்ணப்பம். நீ விடுப்புக்கு வரும்போதெல்லாம் கல்ஃபானைப் பார்க்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். உன் மனசு நல்லது. ஆனால் அந்த வீட்டாருக்கு உன் முகத்தைப் பார்க்கும்போது அந்த நாள் ஞாபகம் வருகிறது. ஜுவைனாவே இதைச் சொன்னாள். கொஞ்ச நாள் போகாமல் இருந்தால் எல்லாருக்கும் நல்லது.

உன் சகோதரன்,
பர்கஷ்


8 ஜூலை 2018
எரிவாயுக் களம்

பர்கஷ்,

மணி அடிப்பதற்கு முன் மணி கேட்கும் பையன்களோடு என்னைச் சேர்த்துவிட்டாய். அந்த வரியை வேலை நேரத்தில் நாலைந்து தடவை நினைத்துப் பார்த்தேன். இரண்டு நாள் அதை நம்பவும் செய்தேன். அதுதான் எனக்கு எரிகிறது.

மூன்றாம் நாள் கிடங்கிலிருந்து இரண்டு வாக்கி டாக்கி கேட்டு வாங்கினேன். நம்முடையதே போன்றவை. களத்துக்கு வெளியே ஒரு மேடு இருக்கிறது, அவ்வளவு உயரம் இல்லை. கூட வேலை செய்கிற ஒருவனை ஒரு பக்கம் நிறுத்தி மறுபக்கம் நான் நின்று நானூறு அடி தூரத்தில் பேசச் சொன்னேன். தெளிவாகக் கேட்டது. இன்னொரு மேடு தள்ளிப் போனதும் கரகரப்பு மட்டும்தான். ஆக எனக்கு மட்டும் கேட்டு, ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் கேட்காமல் போவது நடக்கக்கூடிய காரியம். இதைப் பிப்ரவரியிலேயே செய்திருக்க வேண்டும். அப்போது என் மூளை வேலை செய்யவில்லை.

பிறகு உன் வாழ்நாள் வாக்கியத்துக்கு வருகிறேன். எண் சொல்லாமல் நீ கலாஸ் சொன்னதே இல்லையா? போன வருடம் அக்டோபரிலிருந்து ஜனவரி வரை பதினான்கு சனிக்கிழமைகள் நாம் இருவர் மட்டும் போனோம். நீ முன்னால், நான் பின்னால். டயர்க் காற்றைப் பதினைந்துக்கு இறக்கக் கற்றுக்கொடுத்தது அங்கே. மணலில் பிரேக்கை மிதிக்காதே, கால் எடு, தானாக நிற்கட்டும், அதுவும் சரிவைப் பார்த்து நில் என்று என்னைத் திட்டியது அங்கே. முதல் நாள் நான் ‘இரண்டு கேட்கிறேன், வழி இருக்கா’ என்று முறைப்படி கேட்டபோது நீ வாக்கி டாக்கியிலேயே சிரித்தாய். "ரெண்டு வண்டிக்கு எதுக்குடா நம்பர். கலாஸ்னா வா, அவ்வளவுதான்." அதற்குப் பிறகு ஒரு நாள்கூட நீ எண் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தப் பழக்கம் நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் குழுவின் முன்னால் அதை இல்லை என்று சொல்ல உனக்கு முடிந்தது.

இப்போது முக்கியமானது. போன வியாழக்கிழமை நான் கல்ஃபானைப் பார்க்கப் போனேன். ஆம், போனேன். உன் விண்ணப்பத்தைப் படித்த பிறகும் போனேன். புதுப் பேரீச்சை வந்திருந்தது, ஒரு பெட்டி வாங்கிப் போனேன். அட்டையில் வகையின் பெயர் கலாஸ் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அதைப் பார்த்து அவன் சிரித்தான். சிரித்தால் அவனுக்கு இன்னும் இடுப்பு வலிக்கிறது, பிடித்துக்கொண்டே சிரித்தான். பிறகு அவனாகவே சொன்னான். அப்படியே எழுதுகிறேன்.

"இந்த வார்த்தையக் கேட்டா உன் ஃப்ரெண்டுதான் ஞாபகம் வர்றான். நான் மண்ணு அள்றேன், அவன் நின்னுக்கிட்டு இந்தப் பக்கம் அள்ளு அந்தப் பக்கம் அள்ளுங்கிறான். மாப்பிள்ளை, இது உன் ஸ்கூல் இல்ல, நீயும் குனிஞ்சு அள்ளுன்னேன். வந்துச்சு பாரு கோவம். கையில வாக்கி டாக்கிய வச்சு ஆட்டிக்கிட்டே, கலாஸ், கலாஸ் கல்ஃபான், வாய மூடுன்னு ஒரே கத்து. அடுத்த நொடி நீ வானத்துல இருந்து இறங்கின."

பேரீச்சை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு பேச்சை வேறு பக்கம் மாற்றினான். அவன் என்ன சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. நான் கொட்டையைத் துப்பக்கூட மறந்து உட்கார்ந்திருந்தேன்.

கையில் வாக்கி டாக்கி. கோபம். கட்டைவிரல் பொத்தானில். முதல் ‘கலாஸ்’ எனக்கு வந்தது. பிறகு விரல் விலகியிருக்கும், மிச்சம் வரவில்லை. போதும் வாயை மூடு என்று நீ அவனிடம் சொன்னதை, இறங்கி முடித்துவிட்டேன் வா என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இது விபத்து. யாருக்கும் நடக்கலாம். இதை நீ அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். நீ என்ன செய்தாய் என்று நீயே எழுது. இந்தத் தடவை தூறலைப் பற்றி எழுதாதே.

முஹன்னா


29 ஜூலை 2018
சலாலா

முஹன்னா,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். வீட்டில் எழுத முடியாது, பள்ளி ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சொன்னேன். அந்த வார்த்தையைச் சொன்னேன்.

எப்போது தெரிந்தது என்று நீ கேட்பாய், அதையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நீ தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாய். "கலாஸ்னு கேட்டுச்சுடா, உன் குரல்டா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். என் வலது கட்டைவிரலைப் பார்த்தேன். அப்போதே தெரிந்துவிட்டது. உன்னிடம் சொல்லத்தான் குனிந்தேன். அந்த நேரத்தில் ஜுவைனாவும் அவள் அம்மாவும் உள்ளே வந்தார்கள். யார் செய்தது என்று அவள் அம்மா கேட்டாள். எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. நான் செய்தது அவ்வளவுதான், வாயைத் திறக்கவில்லை. அடுத்த நாள் திறக்கலாம் என்று நினைத்தேன். அடுத்த நாளுக்குள் அது பொய்யாக மாறிவிட்டது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பெரிய பொய்.

கல்ஃபானை நான்தான் கட்டாயப்படுத்தி அழைத்துப் போனேன். அவனுக்கு மணலில் ஆசை கிடையாது, மீன்பிடிப் படகு ஆள் அவன். ஜுவைனா வேண்டாம் என்றாள். அவள் அப்பா இறந்த பிறகு அந்த வீட்டைத் தாங்கியவன் அவன், எங்கள் கல்யாணத்தை முடித்து வைத்தவன். அவன் என் கத்தலால்தான் இப்படி ஆனான் என்று தெரிந்தால் அவள் என்னோடு இருக்க மாட்டாள். இதை நான் பயத்தில் சொல்லவில்லை, அவளை எனக்குத் தெரியும்.

உன் பக்கம் பார். ஓராண்டுத் தடை. நீ கல்யாணம் ஆகாதவன், வேலை இருக்கிறது, தடை முடிந்தால் திரும்பலாம். என் பக்கம் விழுந்தால் வீடு போகும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் உனக்கே புரியும்.

இன்னொன்று. நம் பழக்கம் நம் பழக்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று நாம் இருவர் மட்டும் போகவில்லை, ஆறு வண்டி. ஆறு வண்டி போகும்போது எண் வராத கலாஸுக்கு நீ திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். ‘நாலுக்கா?’ என்று ஒரு வார்த்தை. கேட்டிருந்தால் நான் இல்லை என்றிருப்பேன். நீ கேட்கவில்லை. உன் கால் ஏற்கெனவே மிதித்துவிட்டது. முழுப் பாரத்தையும் என் மேல் வைக்காதே.

கல்ஃபானிடம் ஒன்றும் சொல்லாதே. கெஞ்சிக் கேட்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிடு.

பர்கஷ்


27 ஆகஸ்ட் 2018
இப்ரா, வீட்டிலிருந்து

பர்கஷ்,

எரிக்கவில்லை.

நீ எழுதியதில் ஒன்று சரி. ‘நாலுக்கா?’ என்று நான் கேட்டிருக்க வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, குழுவும் சொல்லவில்லை, நீதான் சொன்னாய். அதற்கு நன்றி என்று எழுத வருகிறது, எழுத மாட்டேன். இத்தனை மாதமாக ஏன் ஏறினேன் என்று மட்டும் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஏன் கேட்கவில்லை என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. என் பங்கு அது. அதை எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான் என்று எழுதியிருக்கிறாயே. திறந்தாய். குழுவின் முன்னால் எழுந்து நின்று, ‘என் வாழ்நாள்ல’ என்று திறந்தாய். நான் அப்போது உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்காகப் பேசப்போகிறாய் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ உட்கார்ந்த பிறகும் இன்னும் ஏதாவது சொல்வாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என் எண்ணை அடைத்தாய், ஊரைவிட்டுப் போனாய். பிறகு ஜூனில், என் காது மணி கேட்கும் பையன் காது என்று எழுதினாய். அதை எழுதும்போது உனக்கு உண்மை தெரியும். எனக்குப் பைத்தியம் பிடித்தாலும் பரவாயில்லை என்றுதான் எழுதினாய்.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நீ குடும்பத்தோடு வந்ததாகக் கேள்விப்பட்டேன். கல்ஃபான் வீட்டில் மூன்று நாள் இருந்தாய். மண்ணில் புதைத்து வேகவைத்த ஷுவா இறைச்சியைக் குழியிலிருந்து எடுக்கும்போது அவனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்தாயாம். மூன்று நாள் பக்கத்தில் இருந்திருக்கிறாய்.

நான் கூட்டிக் கழிக்கத் தயாரில்லை. என் பங்கைக் கல்ஃபானிடம் நானே சொல்வேன். அதைச் சொன்னால் உன் பங்கும் வெளியே வரும், வேறு வழியில்லை. அதற்கு முன் நீ சொல்லிவிடு. செப்டம்பர் முடியும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். உன் வாயால் அவன் கேட்பது வேறு, என் வாயால் கேட்பது வேறு.

முஹன்னா


20 செப்டம்பர் 2018
சலாலா

அன்புள்ள முஹன்னா,

பெருநாளின்போது சொல்லத்தான் போனேன், நம்பு. இரண்டாம் நாள் காலை அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை, காப்பி ஊத்து என்றான். ஊற்றினேன். எவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறாய் என்றான். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

உனக்காக ஒரு காரியம் செய்திருக்கிறேன். குழுத் தலைவரிடம் பேசினேன். முஹன்னா மனம் வருந்தியிருக்கிறான், அடிபட்டவரின் குடும்பமே அவனை மன்னித்துவிட்டது, தடையைக் குறைக்க வேண்டும் என்று குடும்பத்தின் சார்பில் மனு எழுதிக் கொடுத்தேன். தலைவர் சம்மதித்துவிட்டார். அக்டோபரில் பருவம் தொடங்கும்போதே நீ வரலாம். உன் கையெழுத்தோடு வருத்தக் கடிதம் ஒன்று மட்டும் போதும், அதன் வாசகத்தையும் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நீ நகல் எடுத்தால் போதும்.

இதற்கு மேல் என்னால் முடிந்தது ஒன்றும் இல்லை. நாம் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அதை நினைத்துக் கெடுவை விட்டுவிடு. ஜுவைனா இப்போது நான்கு மாதம்.

பர்கஷ்


7 அக்டோபர் 2018
இப்ரா

பர்கஷ்,

குடும்பம் என்னை மன்னித்துவிட்டது என்று நீ மனு எழுதினாய். யாரை, எதற்கு, யார் மன்னிப்பது? அந்த வாசகத்தை இரண்டு தடவை படித்தேன். ‘என் பொறுமையின்மையால் நிகழ்ந்த’ என்று தொடங்குகிறது. உன் கையெழுத்து எப்போதும்போல அழகாக இருக்கிறது.

செப்டம்பர் முடிந்தது. நேற்று கல்ஃபானிடம் போனேன்.

பிடிமானச் சட்டத்தைத் தள்ளிக்கொண்டு வாசல்வரை நடந்து வந்தான். பதினோரு எட்டு. நான் எண்ணினேன். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. எண் இல்லாமல் கலாஸ் வந்தது, ஆறு வண்டி போகிற நாளில் நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் மிதித்தேன், அது என் தப்பு என்றேன். அந்தக் கலாஸ் எங்கிருந்து வந்தது என்று நான் சொல்வதற்கு முன்னாலேயே அவன் கையை நீட்டி என்னை நிறுத்தினான்.

"தெரியும்டா. ஆஸ்பத்திரியில ரெண்டாவது வாரமே தெரியும்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவன் விளக்கினான். மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு வேறு வேலை இல்லையாம். மாப்பிள்ளை கத்தியது, கத்தி முடிப்பதற்குள் மேட்டுக்கு அந்தப் பக்கம் என் என்ஜின் சத்தம் ஏறியது, இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தானாம். பிப்ரவரியில் உன் வாக்குமூலத்தைக் கேள்விப்பட்டதும் உறுதியாகிவிட்டதாம். ஜூலையில் பேரீச்சையைத் தின்றுகொண்டு என்னிடம் சொன்னதும் தெரியாமல் சொன்னது இல்லை. என் மூஞ்சியைப் பார்க்கச் சகிக்காமல் பாதியை அவிழ்த்துவிட்டானாம், மீதியை நானே பிடித்துக்கொள்வேன் என்று.

பிறகு ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது, உள்ளேயிருந்து அவன் அம்மா எட்டிப் பார்த்தாள். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"யாருகிட்ட சொல்ல? சொன்னா ஜுவைனா பொட்டியக் கட்டிக்கிட்டு இங்க வந்து நிப்பா. சொல்லாததால பாரு. கல்யாணம் ஆகி ஏழு வருஷத்துல அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடுக்காதவன், இப்ப அவள உள்ளங்கையில வச்சுத் தாங்குறான். தினம் எனக்குப் போன் பண்றான். நீ ஒவ்வொரு லீவுக்கும் வந்து என்னைக் குளிக்கத் தூக்கிட்டுப் போற, ஏசிய ரிப்பேர் பண்ற. என் கூடப் பொறந்த தம்பி இதுவரைக்கும் ரெண்டே தடவை வந்திருக்கான். உண்மையச் சொன்னா எனக்கு என்ன கெடைக்கும், நீயே சொல்லு."

நியாயம் அவனுக்குச் சேரவேண்டியது; வேண்டாம் என்பதும் அவன் உரிமைதான். ஆனால் பர்கஷ், எட்டு மாதம். குளிக்க வைக்க அவனைத் தூக்கும்போதெல்லாம் என்னை மன்னித்துவிடு என்பேன். அது அவன் காதில் விழும். என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, மெதுவா, மெதுவா என்று சொல்லிக்கொண்டே வருவான். உண்மை தெரிந்தே சொல்லியிருக்கிறான். நீ ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். நடுவில் நான் சுமந்தேன்.

கிளம்பும்போது அடுத்த விடுப்புக்கு வருவாயா என்று கேட்டான். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஏசியின் வடிகட்டியைக் கழுவி வைத்திருந்தேன், அதை மாட்டிவிட்டு வந்தேன். வாசலில் என் சட்டையைப் பிடித்து நிறுத்தி ஒன்று கேட்டுக்கொண்டான். தனக்குத் தெரியும் என்பது மாப்பிள்ளைக்குத் தெரியவே கூடாதாம். தெரிந்தால் அவன் மாறிவிடுவான், ஜுவைனா பிள்ளை பெறும்வரையாவது இப்படியே இருக்கட்டும் என்றான். நான் தலையாட்டினேன்.

நாள் முழுக்க அதை யோசித்தேன். இதற்கு மேல் ஒருவர் ரகசியத்தை இன்னொருவருக்காக வைத்துக்கொள்ள எனக்குத் தெம்பு இல்லை. தலையாட்டியது பொய் என்று அவனுக்கும் ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டேன். உனக்குத் தெரியவேண்டியது உனக்குத் தெரியட்டும். கல்ஃபானுக்கு எல்லாம் தெரியும். முதலிலிருந்தே தெரியும். பெருநாளைக்கு நீ காப்பி ஊற்றிக் கொடுத்தபோதும் தெரியும்.

உன் வாசகத்தைக் கிழித்துவிட்டேன். தலைவருக்கு நானே எழுதினேன். எண் கேட்காமல் ஏறியது என் தவறு, ஓராண்டுத் தடையை முழுதாக முடிக்கிறேன், யாருடைய மனுவும் வேண்டாம் என்று. அதில் உன் பெயர் இல்லை. உன் பங்கை நான் எழுத மாட்டேன். அதை நீ எழுதினால்தான் உண்டு. பிப்ரவரிக்குப் பிறகு முதலிலிருந்து தொடங்குகிறேன், கடைசி வண்டியாக. நீ இருக்கும் பயணத்தில் நான் இருக்க மாட்டேன். நான் பெயர் கொடுத்த பயணத்துக்கு நீயும் வராதே.

தபால் சலாலா வந்துசேர ஆறேழு நாள் ஆகும். இதை நீ ஆய்வுக்கூடத்தில் வைத்துப் படிப்பாய். அன்று சாயங்காலமும் வழக்கம்போல அவன் வீட்டுக்கு நீ போன் செய்யவேண்டி இருக்கும். அவன் எடுத்து, மாப்பிள்ளை எப்படி இருக்கே என்று கேட்பான். குரலில் ஒரு மாற்றமும் இருக்காது. அவனுக்குப் பழகிவிட்டது.

முஹன்னா